கேட்டு வர ஆளில்லாத பெட்டி

அம்மாவின் கட்டிலுக்குக் கீழே ஒரு ட்ரங்குப் பெட்டி இருக்கிறது. எங்களுடையது இல்லை. 2017 இல் காலமான தொங்க லயத்து அம்மாயியுடையது. இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்தின் கடைசி லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகள்), அதிலும் கடைசிக் காம்பராவில், அதாவது கடைசி அறையில், அவர் இருந்தார், அதனால் சின்னப் பிள்ளைகள் முதல் கணக்கப்பிள்ளை வரைக்கும் எல்லாருக்கும் அவர் தொங்க லயத்து அம்மாயிதான். எங்களுக்குச் சொந்தமில்லை. புருஷன் முன்னாலேயே போய்விட்டார், பிள்ளைகள் இல்லை. கடைசி நாலு மாதம் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது அம்மாதான் காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்குப் போகுமுன் கஞ்சி ஊற்றிக் கொடுத்துவிட்டு, பின்னேரம் கொழுந்து நிறுத்துவிட்டு வந்து மேல் கழுவிவிடுவார். சாவதற்கு இரண்டு நாள் முன்னால் பெட்டிச் சாவியை அம்மாவிடம் கொடுத்து, "எங்கண்ணன் மக்க வந்தா குடுத்துரு" என்று சொல்லியிருக்கிறார். அண்ணன் மக்களை அவர் கடைசியாகப் பார்த்தது 1972 இல்.

பதினாறாம் நாள் கருமாதி முடிந்த பிறகு லயத்துப் பெரியவர்கள் நாலு பேரை வைத்துக்கொண்டு அம்மா பெட்டியைத் திறந்தார். இரண்டு சேலை, ஒரு வெள்ளைச் சட்டை (புருஷனுடையதாக இருக்க வேண்டும்), அந்துருண்டை வாசம். அதற்குக் கீழே சீனி வாங்கிய பொலித்தீன் பையில் சுற்றி நூல் கட்டிய ஒரு கட்டு. அதற்குள் ஒரு வங்கிப் புத்தகம். தொழிலாளியின் சம்பளத்தில் பிடித்துச் சேர்க்கும் ஊழியர் சேமலாப நிதியின் அட்டை ஒன்று, நாலாக மடித்து மடித்து மடிப்புகள் இற்றுப்போய், பின்பக்கம் காலண்டர்த் தாளைச் சோற்றுப் பசையால் ஒட்டி வைத்திருந்தது. ஒரு சோடி தோட்டுக்கான அடகுச் சீட்டு. இந்தியாவில் நீலகிரிப் பக்கத்துக் கோத்தகிரியிலிருந்து வந்த நீல வான்கடிதம் ஒன்று. அவ்வளவுதான். ஒரு மனுஷி பதினாறு வயதில் தோட்டத்து வேலைக்குப் பேர் போட்டு அறுபது வயது வரைக்கும் மலை ஏறிச் சேர்த்த எல்லாம் என் இரண்டு கைக்குள் அடங்கியது.

மற்றச் சாமான்களுக்கு லயம் ஒரே நாளில் வழி பண்ணிவிட்டது. ஆட்டை விற்றுக் கருமாதிச் செலவைப் பார்த்தோம், மிச்சத்தை மரணாதார சங்கத்தில் போட்டோம். குத்துவிளக்கு மாரியம்மன் கோயிலுக்குப் போனது. அண்டா குண்டா எல்லாம் பக்கத்துக் காம்பராவில் புதிதாகக் கல்யாணம் கட்டி வந்த பிள்ளைக்கு. காம்பரா அவருக்குச் சொந்தமே இல்லை என்பதால் அதைப் பற்றிப் பேச்சே வரவில்லை, லயக்காம்பராவுக்கு உறுதிப் பத்திரம் ஏது, தோட்டத்து நிர்வாகம் வேறொரு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டது. இதில் எதிலும் சண்டை இல்லை, எழுத்து இல்லை, கையெழுத்து இல்லை. யார் பார்த்தது, யாருக்குத் தேவை, சாமிக்கு என்ன, இந்த மூன்றையும் வைத்து லயம் தீர்ப்புச் சொல்லிவிடும். கடதாசியில் இருந்த காசை மட்டும் லயத்தால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அதற்கு வேறு சட்டம்.

அந்தச் சட்டத்தைப் பற்றி நம் ஆட்கள் பலருக்கும் தெரியாது, எனக்கும் அந்தப் பெட்டி வரும்வரை தெரியாது. யாழ்ப்பாணத்துத் தமிழருக்குத் தேசவழமை இருக்கிறது, கண்டியச் சிங்களவருக்குக் கண்டியச் சட்டம் இருக்கிறது, முஸ்லிம்களுக்கு அவர்களுடைய சட்டம் இருக்கிறது. மலையகத் தமிழருக்கு நாட்டின் பொதுச் சட்டம்தான். உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால் 1876 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்க மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தைத்தான் பார்க்க வேண்டும். புருஷனோ பெண்சாதியோ உயிரோடு இருந்தால் அவருக்குப் பாதி, மற்றப் பாதி பிள்ளைகளுக்குச் சமமாக. பிள்ளைகள் இல்லையென்றால் தாய் தகப்பன். அவர்களும் இல்லையென்றால் கூடப்பிறந்தவர்கள், கூடப்பிறந்தவர் இறந்திருந்தால் அவருடைய பங்குக்கு அவர் பிள்ளைகள். இப்படிக் கிளை கிளையாகத் தேடிக்கொண்டே போய், இரத்த வழியில் ஒருவருமே இல்லை என்று ஆனால் சொத்து அரசுக்கு. கஞ்சி ஊற்றியவருக்கு அந்த வரிசையில் எந்த இடத்திலும் இடமில்லை. அம்மாவுக்கு அது வேண்டியதும் இல்லை, ஆனால் சட்டத்தின் கண்ணில் அம்மா அம்மாயிக்கு யாருமே இல்லை என்பதை ஓர் அதிகாரி எடுத்துச் சொன்னபோது, அம்மா முகம் போன போக்கை நான் பார்த்தேன்.

ஆளில்லாத சொத்து ஆள்பவனுக்கு என்பது இந்த மலைகளில் புதிய வழக்கமும் இல்லை. கண்டி இராச்சியத்தில் வாரிசு இல்லாமல் இறந்தவர்களின் காணியை 'மளபாலு' என்பார்கள், அது ராஜாவுக்குத் திரும்பும். மள என்றால் இறந்த, பாலு என்றால் நம்முடைய பாழ்தான். அப்புறம் வெள்ளைக்காரன் வந்தான். 1840 இல் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வந்தது. காடு, தரிசு, யாரும் குடியிருக்காத, பயிர் செய்யாத நிலமெல்லாம், வேறு ஆளுடையது என்று நிரூபிக்கும்வரை முடிக்குரியது என்று எழுதிக்கொண்டார்கள். கண்டிப் பகுதியில் காட்டை வெட்டி எரித்துப் பயிர் செய்யும் சேனை நிலத்துக்குச் சன்னஸ் (ராஜா கொடுத்த பட்டயம்) போன்ற ஆதாரம் காட்டு என்று கேட்டார்கள். தலைமுறை தலைமுறையாகச் சேனை வெட்டிய கிராமத்தானிடம் ஏது ஓலை? அப்படி 'ஆளில்லாத நிலம்' ஆக்கப்பட்ட மலைகளில் கோப்பியும் பிறகு தேயிலையும் வந்தன, அதில் வேலை செய்யத்தான் எங்கள் பாட்டன் பூட்டனைக் கூட்டி வந்தார்கள். ஆள் இருந்தும் கடதாசி இல்லாததால் ஆளில்லை என்று ஆவது எங்கள் காலுக்குக் கீழே இருக்கிற மண்ணுக்கே முதலில் நடந்தது. இதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

அம்மாயிக்கு ஆள் இருந்தது. அதுதான் விஷயமே. 1964 ஒக்டோபர் 30 அன்று இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள், நாடில்லாமல் கிடந்த எங்கள் சனத்தில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே, மிச்சம் 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவோம் என்று. 1974 இல் அந்த மிச்சத்தையும் ஆளுக்கு 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள். பேப்பரில் அது எண்ணிக்கை. லயத்தில் அது அண்ணன் தங்கச்சி. அம்மாயியின் புருஷன் இங்கேயே இருக்க விண்ணப்பித்தார், அண்ணன் இந்தியாவுக்கு எழுதிப் போட்டார். 1972 இல் அண்ணன் குடும்பத்தை ஏற்றிவிட அம்மாயி ஹட்டன் ஸ்டேசன் வரைக்கும் போனார். அந்த ரயிலுக்கு எங்கள் ஆட்கள் வைத்த பேர் ஒப்பாரிக் கோச்சி. தலைமன்னார் போய், அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம், பிறகு மண்டபம் முகாம். ஒரு குடும்பம் கொண்டுபோகக்கூடிய சொத்தின் உச்ச அளவை 4,000 ரூபாவுக்குக் கீழே குறைக்க மாட்டோம் என்று அந்த ஒப்பந்தத்திலேயே ஒரு வாசகம் இருக்கிறது. சேமலாப நிதியையும் பணிக்கொடையையும் கொண்டுபோகலாம் என்று எழுதியிருந்தது, ஆனால் தங்கச்சியை எங்கே வைப்பது என்று எழுதியிருக்கவில்லை. 1984 இல் கப்பலும் நின்றது. பெட்டியில் இருந்த வான்கடிதம் 1991 இல் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

நான் அப்போது கொழும்பில் கடை வேலையில் இருந்தேன். 2019 கடைசியில் ஊரோடு வந்த பிறகுதான் இதைக் கையில் எடுத்தேன். 2020 ஜனவரியில் அம்மாவும் நானும் வங்கிப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போனோம். கடைசி வரி 2009 மார்ச், மிச்சம் 61,480 ரூபா சொச்சம். கௌண்டரில் இருந்த தம்பி நல்ல பிள்ளை, பொறுமையாக உட்காரவைத்து விளக்கினார். ஒரு கணக்கில் பத்து வருடம் போடுவதும் இல்லை, எடுப்பதும் இல்லை, ஆளிடமிருந்து ஒரு தகவலும் இல்லை என்றால் வங்கிச் சட்டப்படி அது 'கைவிடப்பட்ட ஆதனம்' ஆகிவிடும், வங்கி அதை மத்திய வங்கிக்கு அனுப்பிவிடும். "காசு தொலையலைங்க அம்மா. உரித்தாளி யாராவது ஆதாரத்தோட வந்து கேட்டா, நாங்க மத்திய வங்கிக்கு எழுதி எடுத்துக் குடுக்கலாம்" என்றார். எவ்வளவு இருக்கிறது என்று எங்களுக்குச் சொல்ல முடியாது, நாங்கள் உரித்தாளி இல்லை. சரி, கணக்கைக் கைவிட்டாரா என்று ஆளிடம் கேட்க வேண்டாமா? கடிதம் போட்டோம் என்றார். போட்டிருப்பார்கள், நான் நம்புகிறேன். ஆனால் லயத்துக்கு ஏது விலாசம்? காம்பராவுக்கு இலக்கம் இல்லை, தெருவுக்குப் பேர் இல்லை, வரும் தபாலெல்லாம் தோட்டத்து ஒபிசில் போய்க் குவியும், அங்கிருந்து யாராவது கொண்டுவந்தால் உண்டு. அடகுச் சீட்டுக்கும் இதே கதைதான். தவணை முடிகிறது, மீட்காவிட்டால் ஏலம் என்று கடிதம் வந்திருந்தாலும் அது எந்த மேசையில் கிடந்ததோ. தோடு ஏலத்தில் போயே போய்விட்டது.

சேமலாப நிதி இன்னும் மனசைச் சுடுகிற கதை. 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தில் வந்த நிதி அது, இன்றைக்குத் தொழிலாளியின் சம்பளத்தில் 8 வீதம், முதலாளி 12 வீதம். பொம்பளைகள் 50 வயதில் எடுக்கலாம், ஆம்பளைகள் 55 இல். அம்மாயி எடுக்கவில்லை என்பது அந்த அட்டை பெட்டியில் இருந்தபோதே எங்களுக்குச் சந்தேகம். பழைய ஆட்களிடம் விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. 2006 இல் வேலையிலிருந்து பேர் வெட்டிய பிறகு இரண்டு தரம் காரியாலயத்துக்குப் போயிருக்கிறார், இரண்டு தரமும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அட்டையில் ஒரு பேர், அடையாள அட்டையில் ஒரு பேர். தோட்டத்து வேலையாட்கள் பதிவேடான செக்ரோலில் அவரைப் பதிந்த கணக்கப்பிள்ளை பேருக்குப் பின்னால் 'அம்மாள்' போட்டிருந்தார், அடையாள அட்டையில் அது இல்லை. தகப்பன் பேர் ஒன்றில் ராமன், இன்னொன்றில் ராமையா. அவர் வேலைக்குப் பேர் போட்டபோது அவருக்கு நாடே கிடையாது, 1948 குடியுரிமைச் சட்டம் எங்கள் சனத்தை எந்த நாட்டாளும் இல்லாமல் ஆக்கி வைத்திருந்தது, குடியுரிமை வந்து அடையாள அட்டை எடுக்கும்போது வயது எவ்வளவோ ஆகிவிட்டது. இரண்டு பேர், இரண்டு காலம், இரண்டு எழுத்தர்கள் காதில் விழுந்தபடி. சத்தியக் கடதாசி முடித்துக்கொண்டு வா என்று சொல்லியிருக்கிறார்கள். அது யாரிடம், எங்கே, எவ்வளவு காசு என்று சொல்ல அவருக்கு ஆளில்லை. ஒரு நாள் போனால் ஒரு நாள் கைக்காசு போகும். விட்டுவிட்டார்.

இந்த நிதி தானாக ஆள் தேடி வீட்டுக்கு வராது, கேட்டுப் போக வேண்டும். தனக்குப் பிறகு காசு சேர வேண்டியவர், அதாவது பின்னுரித்தாளி, என்று தொழிலாளி ஓர் ஆளின் பேரை எழுதிக் கொடுத்திருந்தால், அவர் செத்த பிறகு அந்த ஆள் போய்க் கேட்கலாம். அம்மாயி அந்த இடத்தில் எழுதியிருந்தது புருஷன் பேரை. புருஷன் அவருக்கு முன்னே போனார், அதை யாரும் மாற்றவில்லை. எங்கள் பகுதியில் நான் விசாரித்த பத்துப் பதினைந்து வீட்டில் பாதிக்கு மேல் இப்படித்தான் கிடக்கிறது, இறந்துபோன தாயின் பேர், கல்யாணத்துக்கு முந்தி எழுதிய தம்பியின் பேர். கோயிலில் தாலி கட்டிப் பதியாமல் விட்ட குடும்பங்களின் பாடு இன்னும் மோசம். வழக்கப்படி நடந்த கல்யாணத்தை நீதிமன்றம் ஏற்றுக்கொள்ளும்தான், ஆனால் நடந்தது என்று சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டும், சாட்சி சொல்லவேண்டிய பூசாரியும் பெரிய கங்காணியும் மண்ணுக்குள் போய் முப்பது வருடம்.

கோத்தகிரி விலாசத்துக்கு நானே ஒரு கடிதம் எழுதிப் போட்டேன். முப்பது வருடத்துப் பழைய விலாசம், யாருக்குப் போகப்போகிறது என்று நினைத்தேன். நாலு மாதம் கழித்து வட்சப்பில் ஒரு அழைப்பு. அண்ணனின் மகள். அண்ணன் 1998 இலேயே தவறிவிட்டார், இவரும் தம்பியும் இருக்கிறார்கள். அங்கே இவர்களைச் சிலோன்காரர் என்கிறார்கள், அரசாங்கக் கடதாசியில் தாயகம் திரும்பியோர். இரண்டு பேருமே தேயிலைத் தோட்டத்தில்தான் வேலை பார்த்தவர்கள். அதாவது இலங்கை மலையில் கொழுந்து எடுத்தவர் பிள்ளை நீலகிரி மலையில் கொழுந்து எடுத்திருக்கிறது. அத்தை இறந்த சேதியை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது, மூன்று வருடம் கழித்து. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அத்தைக்கு யாரு கொள்ளி வச்சா?" என்று கேட்டார். என் தம்பி வைத்தான் என்று சொன்னேன்.

சட்டப்படி அவர்கள் இருவரும்தான் வாரிசு. இதை நிரூபிக்க என்ன வேண்டும் என்று ஒரு சட்டத்தரணியிடம் உட்கார்ந்து எழுதி வாங்கினேன். அம்மாயியின் மரணச் சான்றிதழ், அது இருக்கிறது. அம்மாயியின் பிறப்புச் சான்றிதழும் அண்ணனின் பிறப்புச் சான்றிதழும், இரண்டிலும் தாய் தகப்பன் பேர் ஒன்றாக இருக்க வேண்டும். அண்ணனின் மரணச் சான்றிதழ் இந்தியாவிலிருந்து, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் இலங்கையிலிருந்து, ஏனென்றால் அவர்கள் பிறந்தது இங்கே. இதில் அண்ணனுடைய பதிவு கிடைக்கவே ஒன்றரை வருடம் போனது. கிடைத்தபோது தகப்பன் பேர் ராமையா. அம்மாயியுடையதில் ராமன். அண்ணன் கொண்டுபோன குடும்ப அட்டையில் மூன்றாவதாக ஒரு எழுத்து. ஒரே வயிற்றில் பிறந்து ஒரே காம்பராவில் வளர்ந்த இரண்டு பேர் கடதாசியில் இரண்டு தகப்பனுக்குப் பிறந்தவர்களாக நிற்கிறார்கள். கோத்தகிரியிலிருந்து அக்கா சொன்னார், "விடு தம்பி, பஸ் காசுக்கும் வக்கீல் காசுக்கும் அதுல பாதி போயிரும்." அவர் சொல்வது கணக்கில் சரிதான். வாரிசு இல்லாத சொத்து என்று எங்கோ ஒரு பதிவேட்டில் எழுதப்போகிற வரிக்குப் பின்னால் இப்படி எத்தனை அக்கா 'விடு தம்பி' என்று சொல்லியிருப்பார்கள்.

இதில் எனக்குக் கோபம் இருக்கிறது, மறைக்கவில்லை. வாரிசு இல்லாவிட்டால் அரசுக்கு என்ற சட்டத்தில் எனக்குக் குறை இல்லை, அனாதையாகக் கிடக்கிற சொத்தை யாராவது பொறுப்பெடுக்கத்தான் வேண்டும். ஆனால் ஆளே இல்லாததும், ஆள் இருந்து வர முடியாததும் ஒன்றில்லை. எங்கள் பேரைத் தப்பாக எழுதியது நாங்கள் இல்லை. கடலுக்கு இரண்டு பக்கமும் பிரித்தது நாங்கள் இல்லை. விலாசம் இல்லாத இடத்தில் ஐந்தாறு தலைமுறை வைத்திருந்ததும் நாங்கள் இல்லை. 2014 ஒக்டோபர் 29 காலையில் மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்தபோது லயங்களோடு அதற்குள் இருந்த பெட்டிகளும்தான் மண்ணுக்குள் போயின, அந்தப் பெட்டிக்குள் இருந்த கடதாசியும்தான். இவ்வளவுக்கும் பிறகு ஆதாரத்தோடு வா என்றால் எங்கே போவது? கேட்கப்படாமல் கிடக்கிற சேமலாபக் கணக்குகளின் பேர்களைத் தமிழில் எழுதி அந்தந்தத் தோட்டத்துப் பிரட்டுக்களத்தில் ஒட்டி, ஒரு நாள் காலையில் சத்தமாக வாசித்தாலே போதும், பாதி வாரிசுகளை அங்கேயே கண்டுபிடித்துவிடலாம். யார் யாருக்குப் பிள்ளை, எந்த வருடம் யார் எந்தக் கப்பலில் போனார் என்று சொல்ல ஒவ்வொரு லயத்திலும் ஒரு கிழவி இன்னும் இருக்கிறார். அந்தக் கிழவிகள் இருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும்.

அம்மாயியின் காசை நாங்கள் விடவில்லை. அட்டையில் இருக்கும் பேருக்கும் அடையாள அட்டையில் இருக்கும் பேருக்கும் உரியவர் ஒரே ஆள் என்று ஒரு சத்தியக் கடதாசி, தகப்பன் பேருக்கு இன்னொன்று, சமாதான நீதவான் முன்னால் சாட்சிக்குத் தோட்டத்தில் மிச்சமிருக்கும் இரண்டு வயசாளிகள். ஒருவருக்கு 84 வயது, தலைமன்னார் கப்பல் ஏறப் பதிந்துவிட்டுக் கடைசி நாளில் போகாமல் இருந்துகொண்டவர். அவரைத் தூக்கிக்கொண்டு டிக்கோயா வழியாக ஹட்டனுக்கு ஆட்டோவில் போனபோது, "ராமையாதான்டா. ராமன்னு கூப்பிட்டது தொர மட்டும்" என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தார்.

அன்றைக்கே ஒரு வேலையாக அம்மாவின் கணக்குக்கும் பின்னுரித்தாளி போட்டுவிடலாம் என்று அம்மாவுடைய வங்கிக்குள் நுழைந்தோம். படிவத்தை நிரப்பி என் பேரை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தார்கள். அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. கையெழுத்துப் போடவில்லை. என் அடையாள அட்டையை வாங்கிப் படிவத்துக்குப் பக்கத்தில் வைத்து, கொழுந்துக் கறை ஏறிய விரலை ஒவ்வொரு எழுத்துக்குக் கீழேயும் வைத்து, இங்கே ஒன்று அங்கே ஒன்று என்று உருவத்தைப் பார்த்துப் பார்த்து நகர்த்திக்கொண்டு போனார். பின்னால் வரிசை நின்றது. அம்மா அவசரப்படவில்லை. கடைசிக்கு முந்தின எழுத்தில் விரல் நின்றது.

"இது ரெண்டும் ஒண்ணா?"

இல்லை. அடையாள அட்டையில் ஒரு எச் கூடுதலாக இருந்தது. அம்மா படிவத்தை உள்ளே தள்ளி, வேறு ஒன்று கேட்டார்.